கடலுக்குப் போறீகளா?

விழாத் தலைவர் தனுஷ்கோடி ஐயா அவர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாக ‘மருந்தகத் தோழன்’ இதழைத் தோளில் சுமந்துவரும் ஆசிரியர் நாகலெட்சுமி அம்மா அவர்களே, பரமக்குடி முதல் பாம்பன் வரை கடையடைத்து வந்திருக்கும் மருந்து வணிகப் பெருமக்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ராமேஸ்வரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் எழுத்தாளன் அல்லன், வியாபாரி. லாபமில்லாத இடத்தில் நிற்க மாட்டேன். (அங்கன யாருப்பா சிரிக்கிறது? உண்மையத்தானே சொல்றேன்!)

பரமக்குடியில் மருந்தாளராக இருந்த நாகலெட்சுமி அம்மா, நான்கே பக்கத்தில் நகலெடுத்து, மருந்துப் பெட்டிகளோடு பஸ்ஸில் ஏற்றிவிட்ட இதழ் இது. படித்தேனா? பிரித்தேனா? மூன்று ஆண்டுகள் அதில் பொட்டலம் மடித்தேன்!

ஒருநாள் என் கடை மருந்தாளர் சாப்பிடப் போயிருந்தார். விசைப்படகு ஓட்டும் அருளானந்தம் தும்மிக்கொண்டே வந்தார். சளி மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். அது தூக்கம் தரும் மாத்திரை என்று எனக்குத் தெரியும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. நடுக்கடலில் சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். மணல்திட்டில் ஏறிப் படகு உடைந்தது. படகில் இருந்த ஐந்து பேரும் நீந்திக் கரைசேர்ந்தார்கள்.

அவர் மனைவி செபஸ்தியம்மாள் கடைவாசலில் நின்று கேட்டார்: “கடல்ல போற மனுசன்னு ஒங்களுக்குத் தெரியாதா? மீன் வாங்கையில மட்டும் தெரியுதோ?”

சேதி பரமக்குடிக்கு, அம்மா காதுக்குப் போனது. நானும் ஓடினேன். “இத எழுதிராதீக தாயி, கடை போயிரும்.”

“ஒங்க பேர விட்டுர்றேன். செஞ்ச தப்ப விட மாட்டேன். நாளைக்கு இன்னொரு கடையில இதே மாத்திரையக் குடுப்பாக. அந்தப் படகுல அஞ்சு பேரும் பொழைப்பாகளா?”

நான் சொன்னேன்: “அப்ப எம்பேரையும் போடுங்க.”

போட்டார்! என் கடைக்கு வரும் கூட்டத்தில் பாதி போனது. முதலில் திரும்பி வந்தவர் யார்? அதே செபஸ்தியம்மாள்!

அந்த இதழைப் படித்த கடைகளெல்லாம் கேட்கத் தொடங்கின: “இன்னைக்குக் கடலுக்குப் போறீகளா?” ஒரே ஒரு கேள்வி! எத்தனை படகுகளை அது கரைசேர்த்ததோ, யார் அறிவார்?

போன வாரம் அருளானந்தம் தும்மிக்கொண்டே வந்தார். நான் வாய் திறக்குமுன் சிரித்தபடி கையை உயர்த்தினார்.

“இன்னைக்கு வீட்டுலதான்யா கெடக்கப் போறேன். மாத்திரையக் குடுங்க!”

அம்மா, அந்தச் சிரிப்பு நீங்கள் எனக்குக் கொடுத்தது. கைகூப்புகிறேன். கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.