முப்பத்தி மூணு இஞ்ச்

இல்ல பாய், டீயெல்லாம் வாணாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஜீப்புல இப்போ இருபத்தெட்டு இஞ்ச் டயர் கீது. அத்த கயட்டிட்டு முப்பத்தி மூணு போடணும். ஆக்ஸில் தாங்குமா, தாங்காதா?

வண்டி எர்ணாவூர்ல வூட்டாண்ட நிக்குது. டோல்கேட்டுல யார கேட்டாலும், அமீர் பாய் பாக்காமயே சொல்வாருன்றாங்க. பொம்பள எதுக்கு இத்தெல்லாம் கேக்குறான்னு பாக்குறியா? பாரு. நானும் உன்னியதான் பாத்துகினு கீறேன்.

தாங்காதா? என் மூஞ்ச பாத்து சொல்லு. இல்ல, நீ வேற மாதிரி சொல்வேன்னு நெனச்சுதான் வந்தேன்.

சரி, ஏன் தாங்காது? டயரு பெருசானா முறுக்கு ஜாஸ்தியா வுழுமா? ஸ்பானர்ல நீட்டு பைப்ப சொருகி திருவுனா போல்ட்டு பட்டுனு பூடுதே, அந்த மாதிரியா? ஓஹோ. மணல்ல மாட்டிகினு ஆக்ஸிலேட்டர ஏத்தி அமுக்குனா ஆக்ஸில் முறிஞ்சு சக்கரமே தனியா வந்துடுமா? எல்லாம் தெரியுது உனக்கு. தெரிஞ்சுகினேதான் மாட்டி வுடுறியா?

கோச்சுக்காத. மொதல்ல தடி ஆக்ஸில் மாத்து, அப்பறம் டயர் போடுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வியா? வாயால யார் வேணா சொல்லலாம் பாய். போன மாசம் ஒரு பச்ச ஜீப்பு வந்துச்சே, அந்தாள்கிட்ட சொன்னியா?

இன்னாத்துக்கு எந்திரிக்கிற? ஆமா, தேசப்பன்தான். எனக்கு எப்டி தெரியும்ன்றத அப்பறம் சொல்றேன். அவர்கிட்ட இன்னா சொன்ன?

மூணு தபா சொன்னியா... ஆக்ஸில் வர பத்து நாளாவும்னியா... ஞாயித்துக்கிழம தோஸ்துங்கல்லாம் குடும்பத்தோட காட்டுப்பள்ளி பீச்சுக்கு வராங்க, இன்னிக்கே மாட்டுன்னு நின்னாரா? இத்த நான் எப்டி நம்புறது? எழுதி வாங்குனியா? எங்க, குடு அந்த நோட்ட, படிக்கிறேன்.

ஆக்ஸில் தாங்காது என்று பாய் சொன்னார். என் பொறுப்பில் டயரை மாட்டச் சொல்கிறேன்.

ம். அவரு கையெழுத்துதான். அந்த தே-வ இப்டிதான் கோணலா போடுவாரு. பதினாலாந் தேதி, சனிக்கிழம.

எழுதி வாங்கிட்டா ஆச்சா பாய்? தெரிஞ்சும் மாட்டுனல்ல? அத்த நீ ராத்திரி படுத்துகினு யோசிச்சுக்கோ. உன் சட்டைய புடிக்கலாம்னுதான் வந்தேன். இப்போ கை வரல.

நான் நீலா. அவரு பொண்டாட்டி. டயர் மாத்துற வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல, வண்டி முறிஞ்சு கெடக்குது. காட்டுப்பள்ளி மணல்ல சக்கரம் கயண்டு குப்புற வுழுந்துச்சு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்ல. எங்க பாப்பாவுக்கு தொடையில கம்பி வெச்சுக்கீது. பாய் ஏமாத்திட்டான்னு ஒரு மாசமா ஆஸ்பத்திரில வரவன் போறவன்கிட்டல்லாம் அழுவுறாரு. ஆனா உன்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டாரா? அதான் எனக்கு இடிச்சுது.

இந்தப் பக்கத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்குறேன், குடு. அவரு கைல ஒண்ணு குடுக்கணும்.

வேற ஒண்ணும் இல்ல பாய். அந்த ஞாயித்துக்கிழம காலைல வண்டிய பாத்து பயந்து, தாங்குமான்னு நான் கேட்டேன். லாரியே தாங்கும்னு பாய் சொன்னாருன்னாரு. அப்பறந்தான் பாப்பாவ வாங்கி மடில வெச்சுகினு ஏறுனேன்.