ஆறு செடிக்கு ஆயுள்

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆங், நான்தாங்க. காலையிலேர்ந்து அடிச்சிக்கிட்டே இருக்கேன், போன ஏன் அடைச்சி வச்சீங்க?... சரி, சரி, அத விடுங்க. கேஸு என்னாச்சி? மொதல்ல அத சொல்லுங்க."

தெரசம்மாள் அடுக்களைச் சன்னலை ஒட்டி நின்றாள். தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த அந்த வீட்டில் லைன் ஒழுங்காகக் கிடைப்பது அந்த ஓர் இடத்தில்தான். மணி நாலு. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு வாய் கோப்பியோடு காலையிலிருந்து அதே சன்னலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மகன் ஜேசனுக்கு அன்று தீர்ப்பு. கணவர் ஹரோல்ட் விடிவதற்கு முன்பே தம் காய்கறி லோரியை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு இறங்கியிருந்தார்.

"என்னா?... இங்க மழங்க, சத்தமா சொல்லுங்க... ஆயுளா? யாருக்கு?... நம்ப ஜேசனுக்கா?... ஏங்க, ஆறு செடிங்க. காலி சாயத் தோம்பு டின்னுல வச்ச ஆறு கஞ்சாச் செடி. அதுக்கா?... ம்... ம்... ஆயுள்னா எத்தன வருசம்?... முப்பதா?"

அவள் மறுபடி அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தாள். இருபத்தேழு வயதில் பிடிபட்டவன். வெளியே வரும்போது அவனுக்கு ஐம்பத்தேழு. ஹரோல்ட்டுக்கு இப்போதே ஐம்பத்தாறு.

"லாயரு வாயத் தொறக்கலியா?... ஆமா, அது தெரியும். 'வளத்தான்'னு போடாம 'வச்சிருந்தான்'னு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தாரு... அரசாங்க வக்கீலு ஒத்துக்கவே இல்லியா?... சரி, ஜட்ஜு என்னா சொன்னாரு?... ஒரு செடின்னாலும் நூறு செடின்னாலும், வளத்தா அதானா?... கொறைக்க அவருக்கே எடம் இல்லியா சட்டத்துல?... ம்... ம்... அழாதீங்க. கேளுங்க, அழாதீங்க. அடியும் உண்டா?... எத்தன?... ஆறா."

அந்த அடி எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கோலா தெர்லாவில் சுப்பிரமணியம் என்று ஒருவர். வேறு ஏதோ வழக்கில் உள்ளே போய் மூன்று ரோத்தான் பிரம்படி வாங்கியவர். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, ஆண்களும் பெண்களும் பார்க்கக் கைலியைத் தூக்கிக் காட்டினார். பின்பக்கத்தில் சதை பிய்ந்து மூடிய இடம் உருகிய ரப்பர் மாதிரி பளபளத்தது. மரச்சட்டத்தில் கையையும் காலையும் கட்டி, அடிக்கிறவன் உடம்பு முழுவதையும் சுழற்றி அடிப்பானாம். இரண்டாவது அடியில் மயங்கிவிட்டாராம். டாக்டர் வந்து தெளிய வைத்து, தாங்குவார் என்று பார்த்துச் சொன்ன பிறகு மூன்றாவதைக் கொடுத்தார்களாம். ஒரு மாதம் குப்புறப் படுத்தே கிடந்ததாகச் சொன்னார். அது மூன்றுக்கு.

"அப்பீலா?... பதினாலு நாளுக்குள்ளயா?... அது முடியிற வரைக்கும் அடிக்க மாட்டாங்கல்ல?... லாயரு நெசமாச் சொன்னாரா?... அப்ப சரி. போட்டுருவோம். நீங்க வீட்டுக்கு வாங்க, வந்து பேசிக்கலாம். எங்க வந்துட்டீங்க?... ரிங்லெட்டா?... எந்தப் பட்டறை?... லோகேஸு பட்டறையா? அங்க எதுக்குங்க நிக்கிறீங்க?"

லோரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து இரும்பு எதுவோ உரசிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏங்க... கையில என்னா?... நான் கேக்குறேன்ல, கையில என்னா?... பாராங் கத்தி எதுக்கு? அத உள்ள போடுங்க... வேணாங்க. சொல்றத கேளுங்க. காட்டிக் குடுத்தது அந்த மனுசன் இல்ல... உங்களுக்கு எப்படித் தெரியும் அவருதான்னு?"

ஹரோல்ட்டுக்கு எப்படித் தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டு வருஷமாகக் கேட்டுவிட்டாள். ஜேசனைப் பிடிக்க வந்த அன்று காலை, போலீஸ் வண்டி முதலில் லோகேஸ்வரனின் மோட்டார் பட்டறை முன்னால்தான் நின்றதாம். அதற்கு முந்தின மாதம் மோட்டார் ரிப்பேர் விஷயமாக ஜேசன் அவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். இந்த இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு, கேஸ் முடியட்டும் என்று ஹரோல்ட் காத்திருந்தார். இன்று முடிந்துவிட்டது.

"டயருக்குக் காத்தடிக்க நின்னுருப்பாங்க. வழி கேட்டிருப்பாங்க... ஏங்க, நான் சொல்றேன், அவரு இல்ல... எனக்குத் தெரியும்... எப்படித் தெரியும்னா... நீங்க மொதல்ல லோரில ஏறி உக்காருங்க, சொல்றேன்... போன வைக்காதீங்க... ஹலோ?... ஹலோ?"

அவர் போனை அணைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். துணியின் உரசல், மூச்சு, ஈரத் தரையில் செருப்புச் சத்தம். பிறகு லோகேஸ்வரனின் குரல். யாரோ வாடிக்கைக்காரரை வரவேற்பது போலத்தான் அவன் ஏதோ கேட்டான். முடிக்கவில்லை. இரும்புச் சாமான்கள் தரையில் கொட்டுவது கேட்டது. அடுத்து வந்த அலறல் மனிதக் குரல் மாதிரியே இல்லை.

"அடிக்காதீங்க... ஏங்க, வேணாம்... ஹரோல்ட்... ஹரோல்ட்..."

முப்பது வருஷத்தில் அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அப்போது அவளுக்கே தெரியவில்லை. மறுபடியும் அந்த அலறல். எதுவோ தகரத்தில் மோதியது. யாரோ ஓடினார்கள். தெரசம்மாள் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

"நான்தான்... போலீசுக்குப் போன் போட்டது நான்தான்... கேக்குதா உங்களுக்கு... லோகேஸு இல்ல, நான்... ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு வாங்கன்னு நான்தான் சொன்னேன்... நீங்க கோயில்ல பூசையில இருப்பீங்க, உங்கள தொடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்..."

சத்தம் நின்றது. பையில் கிடந்த போன் மெல்ல அவர் காதுக்கு ஏறியது. மூச்சு மட்டும் கேட்டது, மேட்டில் மூட்டை தூக்கி வந்தவனுடைய மூச்சு.

"ஆமா... நான்தான்... பேக்டரி ஆபீசு போன்லேர்ந்து. கணக்கெழுதுற கிராணி சாப்பிடப் போன நேரத்துல... இல்ல, உங்கள தடுக்குறதுக்காகச் சொல்லல. யோசிச்சிப் பாருங்க. மத்த நாள் எல்லாம் நீங்க காய்கறி எறக்கிட்டு வந்து வீட்டுல படுத்துருக்கிற நேரம் அது. எப்படி அன்னிக்கு மட்டும் கணக்கா வந்தாங்க?... அதுக்கு முந்தின வாரம், கோயிலுக்குப் போவலன்னு நீங்க படுத்தப்ப நான் ஏன் அவ்ளோ சண்ட போட்டேன்? மொதல்ல அந்த வாரந்தான் வரச் சொல்லியிருந்தேன், நீங்க போவலன்னதும் அடுத்த வாரத்துக்கு மாத்துனேன்... ம்... ஆமா."

கான்கிரீட்டில் பாராங் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு முனகல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

"லோகேஸுக்கு எங்க பட்டுச்சி?... கையா? எந்தக் கை?... வெரலு இருக்கா?... ரெண்டு வெரலு தொங்குதா?... மாதாவே. சட்டையக் கழட்டிக் கட்டுங்க. இறுக்கிக் கட்டுங்க, கைய மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க... உங்களுக்கு ஆத்திரம் எம்மேல. அது இருக்கட்டும். மொதல்ல கட்டுங்க. நான் காத்திருக்கேன்."

காத்திருந்தாள். துணி கிழிந்தது. ஹரோல்ட் அந்த மனிதனிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தான். கட்டுப் போடுகிற கையைப் பார்த்தும் பயந்திருப்பான். இன்னும் யார் யாரோ பேசினார்கள். நன்றாகக் கூட்டம் கூடியிருந்தது.

"கட்டியாச்சா?... ம்... கேளுங்க. ஏன்னு கேளுங்க, சொல்றேன்... என் மணிக்கட்டு ஒடஞ்சுது பாருங்க, தேயிலச் சரிவுல வழுக்கி விழுந்தேன்னு உங்க கிட்ட சொன்னேன்ல... விழல. ஜேசன் அடிச்சான். மம்பட்டிக் காம்பால... குளிக்கிற எடத்துக்குப் பின்னால போயி ரெண்டு செடியப் புடுங்கிட்டேன். மூணாவதுல கைய வைக்கிறப்ப பின்னால நின்னான். எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சி... இல்லங்க, அதுக்காக இல்ல. என்னை அடிச்சதுக்காக இல்ல... அப்புறம் எம்முன்னால உக்காந்து, அந்த ரெண்டையும் திரும்ப நட்டுக்கிட்டே சொன்னான். இன்னொரு தடவ கைய வச்சா, அப்பாவப் படுத்த எடத்துலயே வெட்டிப் போட்டுருவேன்னு. அவன் கண்ணப் பாத்தேன். செஞ்சிருப்பான்."

அவளுடைய இடது கை சன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. மணிக்கட்டு இன்றும் ஒரு பக்கமாகத்தான் மடங்கும். அன்றிலிருந்து போலீஸ் வரும் வரை பதினோரு இரவு அவள் கணவர் படுத்திருந்த அறை வாசலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். மூட்டு வலி, படுக்க முடியவில்லை என்று சொல்லிவைத்தாள்.

"என்னா?... உங்க கிட்ட சொல்லியிருந்தா நீங்க அவன வெட்டியிருப்பீங்க. இல்ல அவன் உங்கள வெட்டியிருப்பான். இன்னிக்கு நீங்க செஞ்சத பாத்தீங்கல்ல... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க... தெரியாதுங்க. எனக்கு எப்படித் தெரியும்? மூணாவது லயத்து கோகிலன தூக்கிட்டுப் போனாங்கல்ல, திருத்துற கேம்புல ஆறு மாசம் வச்சிருந்து அனுப்புனாங்க. வந்து ஒழுங்கா வேலைக்குப் போறான். அது மாதிரின்னு நெனச்சேன். ஆறு மாசம்னு நெனச்சேன்... அவன் கஞ்சா குடிச்சான், இவன் வளத்தான், ரெண்டும் வேற சட்டம்னு யாரு வந்து எனக்குச் சொன்னா? ஸ்டேசன்ல சார்ஜு படிக்கிறப்பதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் யாரு கிட்ட போயி, செடி இல்ல, பொய் சொன்னேன்னு சொல்றது? ஆறையும் வேரோட தூக்கி வண்டில வச்சிக்கிட்டாங்க."

தூரத்தில் வண்டிச் சங்கு ஊதும் சத்தம் போனுக்குள் கேட்டது.

"அது ஆம்புலன்சா, போலீசா?... போலீசு. சரி. ஓடாதீங்க. ரோட்டுல நிக்காதீங்க, அந்தப் பெஞ்சியில உக்காருங்க. பாராங்க தொடாதீங்க. கேட்டா, ஆமான்னு சொல்லுங்க... நான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போறேன். லோகேஸு பொண்டாட்டி வருவாங்க, அவங்க கால்ல விழறேன்... ம்?... யாருக்கு?... ஜேசனுக்குத் தெரியாது. போன மாசம் ஜெயில்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டான், யாரும்மா காட்டிக் குடுத்தான்னு. தெரியலடான்னேன். அப்பா லோகேஸுன்னு சொல்றாரேன்னான்."

சங்கு நெருங்கியது. ஹரோல்ட் வேகமாகப் பேசினார். பேசப் பேச அவர் குரல் உடைந்துகொண்டே வந்தது. தெரசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கேக்குதுங்க... அவன் தாங்க மாட்டான்தான்... முப்பது வருசத்துக்கு லோகேஸுன்னே நெனச்சிக்கிட்டு இருக்கட்டுமா?... இல்லங்க. அது மட்டும் வேணாம். அந்த மனுசன் அவனுக்காக இன்னிக்கி வாங்குன வெட்டு போதும். இனிமே யாரும் அந்த மனுசன வெட்டப் போவக் கூடாது... நானே சொல்றேன். அடுத்த மாசம் பாக்கப் போறப்ப சொல்றேன். அப்பீலு தோத்துப் போனா, அந்தக் கட்டையில கட்டி அடிக்கிறப்ப, யாரு பேரச் சொல்லிக் கத்தணும்னு அவனுக்குத் தெரியணும்... ஏங்க?... இருக்கீங்களா?... போலீசு வந்துட்டாங்களா?... கையக் குடுத்துருங்க. எதுத்து நிக்காதீங்க... ஏங்க, ஒரு வார்த்த பேசிட்டு வைங்க... என் கிட்ட ஒரு வார்த்த..."

லைன் அறுந்துவிட்டது.