மான் நிக்கிற எடம்

இல்ல சார், நீங்க உக்காருங்க. என் நாற்காலிதான், ஆனா சாயங்காலத்துக்கு மேல உங்களுதுதானே, இப்பவே உக்காந்து பழகிக்கோங்க. நான் இந்த மேசையில சாஞ்சுக்கிறேன். அழ மாட்டேன், பயப்படாதீங்க. தலைமை ஆபீஸ்ல என்னப் பத்தி என்ன சொல்லி அனுப்பியிருப்பாங்கன்னு தெரியும். இங்க எனக்குப் பேரே வில்லங்கம். கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன், கோவமெல்லாம் கிடையாது.

உங்களுக்குக் குடுத்திருக்கிறது சின்ன வேலை. நம்ம கம்ப்யூட்டர் ஆட்டத்துல பன்னெண்டு நாகரிகம் இருக்கு. கடைசியா இருக்கிற சதுப்புக்காரங்கள எடுத்துட்டு, அந்த எடத்துல ஒரு குதிரைப்படை சாம்ராஜ்யத்த வைக்கணும். வெள்ளிக்கிழமை ஆட்டம் கடைக்குப் போகுது. நான் அவங்கள எடுக்க மாட்டேன்னு சொன்னேன். அதனால என்னை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் கதை.

என்னது, காலா? அட, கவனிச்சுட்டீங்களா. ஆமா, திரையில எல்லாருமே காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வச்சுத்தான் நடக்குறாங்க. ரோமாபுரி சிப்பாயும் சரி, எகிப்து கொத்தனாரும் சரி. பழுதுன்னு எழுதிக்காதீங்க, அதுக்கு அப்புறம் வர்றேன். நல்ல கண்ணு சார் உங்களுக்கு. நம்ம சக்கரவர்த்தி ஆரம்பத்துலேர்ந்து பாத்துக்கிட்டிருக்காரு, இன்னும் கண்ணுல படல. சக்கரவர்த்தின்னா முதலாளி. நாங்க வச்ச பேரு. அவருக்கும் தெரியும், உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்.

எந்தெந்த நாகரிகம் உள்ள வரணும்னு முடிவு பண்ண அந்தக் கண்ணாடி அறையில ஒரு கூட்டம் போட்டாங்க. ரோம் வேணுமா, வேணும். எகிப்து, பாரசீகம், சீனா, மங்கோலியர், எதுக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும்தான் கை தூக்கினேன். ரோம் இல்லாம இந்த மாதிரி ஆட்டத்த யாரு வாங்குவா? கடைசி எடத்துக்கு வந்தப்பதான் தகராறு. சதுப்புக்காரங்கன்னு சொன்னேன். அவங்க ராஜா யாருன்னு கேட்டாரு சக்கரவர்த்தி. ராஜா இல்ல, எல்லாரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணுவாங்கன்னேன். சரி, கோட்டை, கோபுரம், ஏதாவது? வீட்டையே கழட்டிப் படகுல ஏத்திக்கிட்டுப் போறவங்க எதுக்கு சார் கோட்டை கட்டணும்? யாரையாச்சும் ஜெயிச்சாங்களா? யாரையும் இல்ல. அப்ப எதுக்கும்மா அவங்க உள்ள வரணும்னாரு. அவங்களையும் யாரும் ஜெயிக்கலையே, அதுக்குத்தான்னு சொன்னேன்.

வரலாறு சரிபாக்கறதுக்குன்னு ஒரு பேராசிரியர வரவழைச்சிருந்தாங்க. அவரு தொண்டையக் கனைச்சுக்கிட்டு, அவங்களப் பத்தி ஆதாரம் ரொம்பக் கம்மின்னாரு. கல்லுல பேரு வெட்டிக்காதவங்களுக்கு ஆதாரம் கம்மியாத்தான் இருக்கும். அதுக்காக ஆளே இல்லன்னு ஆயிடுமா? கடைசியில, வச்சுத்தான் பாப்போமேன்னு அரை மனசா விட்டாங்க.

நம்ம போன ஆட்டத்துல அந்த எடத்துல என்ன இருந்துச்சு தெரியுமா? காலி நிலம். பச்சையாப் பூசிட்டு, நாலஞ்சு மான விட்டிருந்தாங்க. விளையாடுறவங்க போய் மான அடிச்சுத் தின்னுட்டு, கொடிய நட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். எனக்கு அந்த மான் மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. பாவம், அது என்ன பண்ணும். வரைஞ்சு விட்டா நிக்குது.

விளையாட சுவாரசியமா இருக்குமான்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். சோதிச்சுப் பாக்குற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, காதுல எப்பவும் பேனா செருகியிருப்பாங்க. மொத்த ரோமாபுரிப் படையையும் கூட்டிக்கிட்டு சதுப்புக்காரங்க மேல போனாங்க. போய்ப் பாத்தா வீட்டுக்கு நட்ட கம்பு மட்டும் சேத்துல நிக்குது. ஜனம் முழுக்கப் படகுல ஏறி நாணலுக்குள்ள போயாச்சு. படை பசியில கரைஞ்சு போச்சு. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் சாப்பாட்ட மேசையில ஆற விட்டுட்டு, சதுப்புக்காரங்க பக்கமிருந்து திரும்ப விளையாட உக்காந்துட்டாங்க.

சக்கரவர்த்தியும் விளையாடினாரு. சந்தை, விற்பனைன்னெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, இத மட்டும் சொல்லியிருக்க மாட்டாங்க. நாலு குதிரைப்படையோட வந்தாரு சார். நாலும் சேத்துல மாட்டிக்கிச்சு. அறையில எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க செருப்பப் பாத்துக்கிட்டிருந்தோம். மறுநாள் காலையில சதுப்புக்காரங்க வேண்டாம்னு உத்தரவு வந்துடுச்சு.

மன்னிப்புக் கேட்டா வேலை இருக்கும்னாங்க. யாருகிட்ட, குதிரைகிட்டயா? அடுத்த ஆட்டத்துல சேத்துக்கலாம்னும் சமாதானம் சொன்னாங்க. அந்த அடுத்த ஆட்டம் வரும்போதும் இதையேதான் சொல்வாங்க. இத்தன வருஷமா இதே துறையில குப்பை கொட்டுறேன், எனக்குத் தெரியாதா.

நீ அவங்க ஆளான்னு கேக்குறீங்க. ரோமுக்குக் கை தூக்கினவங்கள யாராச்சும் நீ ரோமான்னு கேட்டாங்களா சார்? கூட்டத்துல என்னை மட்டும் கேட்டாங்க. அதனால நான் பதில் சொல்லல.

சரி, பேசிப் பேசி உங்க நேரத்தத் தின்னுட்டேன். அழிங்க. அந்த ஃபோல்டர்தான், சதுப்புன்னு பேரு போட்டிருக்கு பாருங்க. நகல் பத்திரமா இருக்கு, தைரியமா அழிக்கலாம். ம். இப்ப ஆட்டத்த ஓட்டிப் பாருங்க.

என்ன, நிக்குதா? சிப்பாய் நகர மாட்டேங்கிறானா? எகிப்துக்குப் போய்ப் பாருங்களேன். அங்கயும் கல்லத் தோள்ல வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்களா. ஆமா சார், நிப்பாங்க.

என்னை அப்படிப் பாக்காதீங்க, நான் ஒரு குழியும் பறிக்கல. வேலை தொடங்கினப்ப ரோமும் இல்ல, எகிப்தும் இல்ல. முதல்ல ஒரே ஒரு ஆள நடக்க வைக்கணும். கவசம், கிரீடம்னு எதுவும் இல்லாத ஜனமாப் பாத்து ஒத்திகைக்கு எடுத்துக்கோன்னு சக்கரவர்த்திதான் சொன்னாரு. நான் சதுப்புக்காரங்கள எடுத்துக்கிட்டேன். அந்த நடை நல்லா அமைஞ்சுபோச்சு. அந்த நடைக்கு மேலயே ரோம், எகிப்துன்னு எல்லாருக்கும் உடுப்ப மாட்டிக்கிட்டே போனோம். அவங்கள எடுத்தா எல்லாரும் நின்னுடுவாங்கன்னு, உத்தரவு வந்த அன்னிக்குப் போட்ட கூட்டத்துலயே சொன்னேன். குதிரைக்கு என்ன நிறம் பூசலாம்னு பேசிக்கிட்டிருந்தாங்க, யாரு கேட்டா.

கால் கேட்டீங்கல்ல. நடக்குறதுக்கு ஒரு ஆள் வேணுமேன்னு எங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தேன். இதோ இந்த வராந்தாவுலதான், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வச்சுப் படம் பிடிச்சேன். வேலை வெட்டி இல்லையா உங்க ஆபீஸ்ல, எதுக்குடி என்னை அலைய விடுறன்னு திட்டிக்கிட்டேதான் நடந்தாங்க. சேத்துல பொறந்து வளந்தவங்க. அங்க காலை நேரா வச்சா உள்ள இழுத்துக்கும், அதனால வெளிப்பக்கம் திருப்பி வச்சுத்தான் எடுப்பாங்க. வராந்தாவுல ஏது சேறு. ஆனா அம்மாவுக்கு வேற மாதிரி நடக்கத் தெரியாது.

நடைய மட்டும் தனியாப் பிரிச்செடுக்கலாம்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது, அது என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும். அப்படியே பிரிச்சாலும், உலகத்தப் பிடிக்கப் போற படை மொத்தமும் எங்க அம்மா மாதிரி நடந்துதான் சார் போயாகணும். என்ன பண்ணப் போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் வேலையத் திருப்பிக் கேக்கல.

அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, கிளம்புறேன். சதுப்புக்காரங்களத் திருப்பிப் போடுறதா இருந்தா, வரைபடத்துல ஆறு வளையுற எடத்துல அவசர அவசரமா பழையபடி மானக் கொண்டாந்து விட்டிருக்காங்க பாருங்க. அத மட்டும் மறக்காம எடுத்துருங்க சார். அங்கதான் எங்க வீடு இருக்கு.