அம்மாவின் பெயரில் எழுதியவை

மச்சாள், கப்பலில் சோறு மட்டும்தான் சரியில்லை. மற்றவற்றுக்குக் குறை சொல்ல முடியாது. பதினொரு மாடி, இரண்டு நீச்சல் குளம், எந்த நேரமும் திறந்திருக்கும் சாப்பாட்டு மண்டபம். சோறு மட்டும் உப்பில்லாமல், மணல் போல உதிர்ந்து கிடக்கும். அப்பா முதல் நாளே கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"முப்பது வருசம் வெள்ளையின்ரை குசினியிலை கோப்பை கழுவினன். இப்ப காசு குடுத்து வந்து அவன்ரை சோத்தைத் தின்னச் சொல்லுறாள் உன்ரை மோள்."

"வாயை மூடிக்கொண்டு தின்னுங்கோ," என்றார் அம்மா. "பிள்ளை ஆசையாக் கூட்டிக்கொண்டு வந்திருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்ததில்லை. நானும் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் சோற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நேற்று என் இலக்கத்துக்கு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை நான்கு தடவை கேட்டேன். அண்ணை இறந்து இன்று இருபத்தாறாம் நாள். ஏழு வருடம் அவரோடு வாழ்ந்த உங்களுக்குக் கேட்பதற்கு உரிமை இருக்கிறது. மாமியின் இலக்கத்திலிருந்து வந்த இரண்டு செய்திகளையும் மாமிதான் எழுதினாவா, படித்தவள் நீ, சுத்தாமல் சொல்லு என்று கேட்டீர்கள். சுற்றமாட்டேன். ஆனால் முறையாகச் சொன்னால்தான் விளங்கும்.

அம்மாவின் பெயரில் நான் ஒன்பது வயதிலிருந்து எழுதி வருகிறேன். பாரிசின் லா சப்பலில் எங்கள் மாடிப்படியில் இருந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தது. தபாலில் வரும் பிரெஞ்சுக் கடிதத்தை வாசித்துச் சொல்வது, "கீழே ஒப்பமிடும் நான்" என்று தொடங்கிப் பதில் எழுதுவது, தாய் தகப்பனின் ஒப்பத்தைப் போடுவது எல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை. வீட்டுச் சொந்தக்காரருக்கு, மருத்துவக் காப்புறுதிக்கு, என் சொந்தப் பள்ளிக்கூட ஆசிரியைக்கு என்று அம்மாவாக நான் எழுதிய கடிதங்களை எண்ணிப் பார்த்ததில்லை. என் ஒப்பத்தைவிட அவரின் ஒப்பம் எனக்கு அழகாக வரும். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள்.

அண்ணையை ஐந்து வயதில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா இங்கே வந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் நான் பிறந்தேன். எங்கள் ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம் என்று கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அது சரியில்லை. நான்கு பேர் இருந்தோம். எனக்குச் சப்பாத்து வாங்கினால் "ஐங்கரன் இப்ப என்ன போடுறானோ" என்பார் அம்மா. கேக் வெட்டினால் முதல் துண்டை அவரின் படத்துக்கு முன் வைப்பார். நான் சென் தெனி பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் மாஸ்டர் முடித்தேன். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அன்று அம்மா என்னைக் கட்டிப் பிடிக்குமுன் போனை எடுத்து அண்ணையோடு கதைத்தார். "நீ படிச்சிருக்க வேண்டியது ராசா," என்று அழுதார். நான் பட்டத்தோடு கதவடியில் நின்றேன். நான் கோபக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று கோபப்படவில்லை. கோப்பி போட்டேன்.

இந்த மார்ச்சில்தான் அம்மாவுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வந்தது. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போகக்கூடிய புத்தகம். அதைச் சாமித்தட்டில் வைத்துத் திருநீறு பூசினார். மே மாதம் யாழ்ப்பாணம் போவதென்று முடிவாகியிருந்தது. நான்தான் மாற்றினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காசு சேர்த்து இந்தக் கப்பல் பயணத்தைப் பதிந்திருக்கிறேன், மே மாதத்துக்குத்தான் இடம் கிடைத்தது, ஊருக்கு ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவோடு போகலாம் என்றேன். அதில் உண்மை இல்லாமலில்லை. பதிந்தது மட்டும் கடவுச்சீட்டு வந்த பிறகு.

"ஐங்கரனிட்டை மே எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை," என்றார் அம்மா.

"அண்ணை எங்கை ஓடப்போறார்? அங்கைதானே இருக்கிறார்," என்றேன்.

ஒரு வாரம் எனக்கு வேண்டியிருந்தது, மச்சாள். அவ்வளவுதான். அம்மா எங்கேயாவது ஒரு வாரம் என்னோடு மட்டும் இருக்க வேண்டும். கரீபியன் கடலை அதற்காகத்தான் தெரிந்தெடுத்தேன். அங்கே ஒரு தமிழ்க் கடைகூடக் கண்ணில் படாது, யாரும் வந்து "மகன் எப்பிடி அக்கா?" என்று கேட்கமாட்டார்கள்.

சனிக்கிழமை குவாதலூப்பில் ஏறினோம். திங்கள் பார்படோஸ். அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். அப்பா கரையில் இருந்து, "அவ்வளவு தூரம் போகாதை, உன்னைத் தூக்கிறதுக்கு இன்னொரு கப்பல் வரோணும்," என்று கத்தினார். அம்மா அவர் பக்கம் தண்ணீரைக் கையால் எற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "இதையெல்லாம் ஐங்கரன் பாக்கோணும்," என்றார்.

அந்த நேரம் அம்மாவின் கைபேசி என் கைப்பையில் இருந்தது. கப்பலில் இணையம் ஒரு கைபேசிக்குத்தான் எடுத்திருந்தேன், அம்மாவுடையதையும் என்னுடையதையும் நானே வைத்திருந்தேன். கரையில் இருந்த ஒரு கடையில் இணைப்புக் கிடைத்தது. உங்களின் செய்தி வந்து கிடந்தது. டெங்கு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், இரத்தம் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் கீழே அண்ணையின் குரல். நாற்பத்தொரு செக்கன்.

"அம்மா, ஒருக்கா முகத்தைக் காட்டுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். கனக்கக் கதைக்கமாட்டன்."

அம்மா எனக்கு இருபது அடி தூரத்தில் நின்றார். கால் நனைய, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. டெங்கு வந்தவர்கள் பெரும்பாலும் எழும்பிவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அம்மா அந்த நிமிடத்தோடு முடிந்துவிடுவார் என்றும் தெரியும். மிச்ச ஐந்து நாளும் அறைக்குள் படுத்துக் கிடந்து அழுவார். அதனால் எழுதினேன். நீங்கள் வைத்திருக்கும் முதல் செய்தி அது.

"கப்பலிலை நெற் இல்லை ராசா. சனிக்கிழமை போன் எடுக்கிறன். மருந்தை ஒழுங்காக் குடி."

ராசா என்று எழுத எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அம்மா எப்படி எழுதுவார் என்பது எனக்கு மனப்பாடம்.

புதன் காலை சென் லூசியாவில் நின்றோம். அங்கே உங்களின் அடுத்த செய்தி வந்து கிடந்தது. "அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார் மாமி. நீங்கள் வருவியளா? உடம்பை நாலு நாள் வைக்கலாம் எண்டு சொல்லுகினம். நீங்கள் வரும்வரை பாத்திருந்துதான் எடுக்கிறது."

அதை அறையின் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து வாசித்தேன். நான் அழுதேன் என்பதை நீங்கள் நம்பத் தேவையில்லை. பிறகு விமானங்களைப் பார்த்தேன். மறுநாள் மார்த்தினிக்கில் இறங்கினால் மாலையில் பாரிசுக்கு ஒன்று இருந்தது. வெள்ளி பாரிஸ், சனி கொழும்பு, ஞாயிறு காலை உங்களின் வீட்டு வாசல். சரியாக நாலாம் நாள். இடம் இருந்தது. மூன்று இடம் இருந்தது.

நான் கைபேசியை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். இங்கே வந்த பிறகு அவரை உயிரோடு பதினொரு நாள்தான் அம்மாவுக்குப் பார்க்கக் கிடைத்தது, உங்களின் கலியாணத்துக்குத் திருச்சியில். இனிப் போய் எதைப் பார்ப்பது? பெட்டிக்குள் இருக்கும் முகத்தைக் காட்டினால் அம்மா அதைத்தான் சாகும்வரை வைத்திருப்பார். இது அன்பில்லாத யோசனை இல்லை. நீங்கள் தாய் என்பதால் உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றலாம். இரண்டாவது செய்தியை எழுதினேன்.

"எனக்காகப் பாத்திருக்க வேண்டாம். எடுங்கோ."

எழுதிவிட்டு உங்களின் செய்திகளையும் என் பதில்களையும் அம்மாவின் கைபேசியிலிருந்து அழித்தேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஸ்ரீஸ்கந்தராசா மாமா பாரிசிலிருந்து எடுத்து, அம்மாவுக்குச் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்குத் தெரியும், கதைக்கிற நிலையில் இல்லை என்றேன்.

பச்சைப் பட்டுப் படத்தையும் நீங்கள் கேட்பீர்கள். வியாழன் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்பது கப்பல் வழக்கம். நான்தான் அம்மாவுக்குக் கொசுவம் பிடித்துவிட்டேன். கப்பலின் படக்காரர் எடுத்தார். அம்மா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிற்கும் படம் அது ஒன்றுதான். அதை என் ஸ்டேட்டஸில் போட்டேன். உங்களுக்கு அது வெள்ளி காலை என்றும், அந்த நேரம் அண்ணையை வீட்டுக்குள் கிடத்தியிருந்தீர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. பெற்ற பிள்ளை வீட்டில் கிடக்கப் பட்டுடுத்திக்கொண்டு நின்றவள் என்று எங்கள் தெருவிலும் கதைக்கிறார்களாம். அம்மாவுக்கு மரணத் துடக்கு இருப்பதே தெரியாது. தெரியாமல் உடுத்தவருக்கு என்ன பாவம்?

ஒன்றை மறந்துபோனேன். அதுதான் என் பிழை.

ஞாயிறு வந்து இறங்கினோம். வீட்டில் குளித்து, ஒரு நித்திரை கொள்ளவிட்டு, பின்னேரம் சொல்வதாக வைத்திருந்தேன். எப்படிச் சொல்வதென்று விமானத்தில் எழுதிக்கூடப் பார்த்தேன். ஆனால் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் அப்பா, "முதல் சோறு. பிறகுதான் வீடு," என்றார். அம்மா கீரை வாங்க வேண்டும் என்றார். பெட்டிகளை இழுத்துக்கொண்டு லா சப்பலுக்கு நடந்தோம். அங்குள்ள தமிழ்க் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் மரண அறிவித்தல்கள் ஒட்டுவார்கள் அல்லவா, ஊரில் நடந்தாலும் இங்கே சொந்தம் இருந்தால் ஒட்டுவார்கள். பிறந்த நாளிலிருந்து அந்தக் கதவுகளைத் தள்ளித் திறந்துகொண்டு வளர்ந்தவள் நான். மாமா ஒட்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா கதவைத் தள்ளக் கையை வைத்தது அண்ணையின் முகத்தில்.

அம்மா தமிழை எழுத்துக் கூட்டி, சத்தமாகத்தான் வாசிப்பார். ஊர், பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாம் வாசித்தார். "குலசேகரம் தில்லைநாயகி தம்பதிகளின் அன்பு மகனும்" என்ற வரியை வாசித்தார். "சிவாஜினியின் அன்புக் கணவரும், லக்ஷனாவின் பாசமிகு தந்தையும்" என்று முடித்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். உள்ளே நின்ற கடைக்காரர் ஓடி வந்தார்.

"தம்பி, இதிலை பேர் மாறி அடிச்சுப் போட்டினம்," என்றார் அம்மா அவரிடம். "இது என்ரை பிள்ளை. இவன் இருக்கிறான்."

"அக்கா..." என்றார் அவர். "வெள்ளிக்கிழமை எடுத்தாச்சாம் அக்கா. உங்களுக்குத் தெரியும் எண்டல்லோ சொன்னவை."

அப்பா பெட்டியின் மேல் இருந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான், "நடுக்கடலிலை நெற் இல்லையம்மா," என்றேன். அவர் நம்பினார். நான் வாசித்துச் சொல்வதை அவர் எப்போதும் நம்புவார்.

இப்போது இன்னொன்றையும் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சுற்றாமல் சொல் என்றீர்கள்.

எனக்குப் பதினொரு வயதில் அம்மாவுக்கு இங்கே தங்கும் விசா கிடைத்தது. அண்ணையைக் கூப்பிட மனு போட்டார்கள். நான்தான் எழுதினேன். அவருக்குப் பதினெட்டு ஆக நான்கு மாதம் இருந்தது, பதினெட்டு ஆனால் பிறகு கூப்பிட முடியாது. அந்த வாரம் அம்மா என் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வந்து, "அண்ணை வந்தால் இது அவனுக்கு. நீ எங்களோடை நிலத்திலை படு, என்ன," என்றார். பிறகு ஒரு கடிதம் வந்தது. அண்ணையின் பிறப்புச் சான்றிதழைப் புதிதாக எடுத்து, மொழிபெயர்த்து, முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மனு மூடப்படும் என்று எழுதியிருந்தது. அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"பொறுத்திருக்கச் சொல்லி எழுதியிருக்கு," என்றேன்.

பொறுத்திருந்தார்கள். எனக்குப் பதினொரு வயது, மச்சாள். ஒரு கட்டிலுக்காக ஒரு பிள்ளை சொன்ன சொல். இப்போது என் வேலையே மற்றவர்களின் குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் மனுக்களைத் தயாரிப்பதுதான். ஒரு திகதியைக்கூட நான் தவறவிட்டதில்லை. அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே உங்களின் கேள்விக்குப் பதில்: இல்லை. மாமி எழுதவில்லை. இரண்டையும் நான் எழுதினேன். மகன் கேட்டது அவருக்குத் தெரியாது. நாலு நாள் வைத்திருப்பீர்கள் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் நீந்தியாவது வந்திருப்பார். அவரின் அழைப்பை நீங்கள் எடுக்காமல் விடுவது நியாயமில்லை. லக்ஷனாவின் முகத்தை ஒருக்காக் காட்டச் சொல்லித்தான் ஒவ்வொரு காலையும் எடுத்துக்கொண்டிருந்தார். மணி அடித்து அடித்து நிற்கும். பிறகு மடியில் போனை வைத்துக்கொண்டு, தான் என்ன பிழை விட்டேன் என்று அப்பாவைக் கேட்பார்.

இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவர் தாங்கமாட்டார். இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறார், நான் ஊட்டினால் மட்டும். வேலையால் நான் வரும்வரை யன்னலடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் கையைப் பிடித்தால்தான் நித்திரை வருகிறது. முந்தி ஒருபோதும் இப்படி இருந்ததில்லை.

லக்ஷனாவைக் காட்ட மனம் வந்தால் என் இலக்கத்துக்கு எடுங்கள், நான் பிடித்துக் காட்டுகிறேன். அம்மாவின் கைபேசியை வாங்கி வைத்துவிட்டேன். அவருக்கு இனி அது தேவையில்லை, நான் இருக்கிறேன்.