கராமா ஜன்னல்

துபாயின் அல் கூஸ் கலைவிழாவிலிருந்து திரும்பும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி அங்கே ஓவியப் பட்டறை நடத்தியவள். மற்றவள் அதில் படம் வரைந்த தோழி.

"வீட்டை வரையச் சொன்னா எல்லாரும் ஊர் வீட்டை வரைஞ்சாங்க. நீ ஏன்டி கராமா ஃபிளாட்டை வரைஞ்சே?"

"அந்த ஜன்னல்ல நின்னுதானேக்கா புள்ளைங்களோட ஸ்கூல் பஸ்ஸுக்குக் கையாட்டுவேன். எதிர் பால்கனில நீங்க துணி காயப்போடுவீங்க. அங்கேருந்தே பேசிக்குவோம்."

"இப்பவும் பேசறோமே. ஏன் பழைய கதை மாதிரி சொல்றே?"

"அவருக்கு வேலை போயிடுச்சுக்கா. அடுத்த மாசம் எல்லாரும் ஊருக்கே போறோம்."

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. பட்டறை நடத்தியவள் தோழியின் மடியிலிருந்த படத்தை எடுத்து விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதை எனக்குக் குடுத்துட்டுப் போடி. இனிமே அந்த ஜன்னல்ல வேற யாரோ நிப்பாங்க."