அந்தெங் பிள்ளை

அரிசிக் கஞ்சி கட்டி தட்டாமல் வர, அடுப்பை விட்டு நகராமல் கிண்ட வேண்டும். சோலோ நகரில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் அதை யாரிடமும் விடமாட்டேன். மேலே பனைவெல்லப் பாகு ஊற்றினால் எந்தக் கசப்பும் தெரியாது.

எங்கள் ஜாவாவில் தாய்மார் ஒரு சொல்லுக்கு ஏங்குவார்கள்: அந்தெங். அழாமல், அடம்பிடிக்காமல், வைத்த இடத்தில் இருக்கும் பிள்ளை. எண்டாங் என்பவள் பகலில் என்னிடம் விட்டுப்போகும் மகள் கினந்தி கத்துவாள், கடிப்பாள். காலமான என் தம்பியின் வலிப்பு மாத்திரைகள் வீட்டில் மிச்சம் இருந்தன. அவை தூக்கமும் தரும்.

"பேயாட்டம் ஆடிக்கிட்டிருந்துச்சு, இப்ப வீட்லயும் அந்தெங்கா கெடக்கு. என்ன மாயம் பண்ணினீங்க புடே?" என்றாள் எண்டாங். தாய்மார் எல்லாருக்கும் நான் புடே, பெரியம்மா.

"பெத்தா மட்டும் போதுமாம்மா? வளர்க்கத் தெரியணும்."

சிரித்துக்கொண்டே போனாள். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். உங்கள் பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பிறகு, பிள்ளை மந்தமாக இருக்கிறாள் என்று டாக்டர் ஹெஸ்டி இரத்தம் எடுத்தார். தைராய்டு ஹார்மோன் குறைவு. ஆனால் சுரப்பி சோர்ந்தால் அதைத் தட்டியெழுப்ப மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் ஏறவே இல்லையாம். டாக்டருக்குக் குழப்பம். இதில் குழப்பம் ஏதுமில்லை. அந்த மாத்திரையை வெளியேற்றக் கல்லீரல் வேகமெடுக்கும். அதே வேகத்தில் தைராய்டு ஹார்மோனையும் சிதைத்துத் தள்ளும். சுரப்பி நன்றாகத்தான் இருக்கும். தம்பிக்கும் இப்படித்தான் வந்தது. அவனுடைய டாக்டர் படம் வரைந்து காட்டினார். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று அன்று வியந்தேன்.

எண்டாங் என் தோளில் சாய்ந்து அழுதாள். "திங்கக்கிழமை திரும்ப ரத்தம் எடுக்கணுமாம் புடே. மருந்து ஏதும் உள்ள போகுதான்னும் பாக்கப்போறாங்களாம்."

இரத்தம் சுத்தமாக வேண்டும். அன்றே நிறுத்தினேன், ஒரேயடியாக.

சனிக்கிழமை வலிப்பு வந்தது, ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

திடீரென நிறுத்தினால் இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தம்பி வீம்புக்கு மாத்திரையை நிறுத்தித்தான் செத்தான். படிப்படியாகக் குறைக்கத் திங்கட்கிழமைக்குள் நாள் போதவில்லை.

எண்டாங்கைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அவள் பிள்ளையின் சுரப்பியில் ஒரு குறையும் இல்லை. பெற்றவளுக்கு அது ஆறுதலாக இருக்கும்.