பெட்டி தூக்க ஒரு முட்டி

— முட்டி உயிரை வாங்குது டாக்டரம்மா. காப்பி போட எந்திரிச்சா, எதுக்கு எந்திரிச்சோம்னே மறந்துபோற அளவுக்கு வலி.

— புரியுது தைஸ்தோ. ஆனா உங்களுக்கு எண்பத்தி நாலு வயசு, இருதயமும் பலவீனம். புது முட்டி வெச்சு நல்லா நடமாட ஒரு வருஷம்கூட ஆகலாம். அந்தப் பலனை அனுபவிக்க எத்தனை வருஷம் இருக்கும்னு பாத்துட்டுத்தான் கத்தி வைக்கணும். படி ஏறுவீங்களா?

— சௌனா குளியலறையில, ஆவி நல்லா அடிக்கிற மேல் பலகையில ஏறித்தான் உக்காருவேன்.

— பச்சைப் புளுகு டாக்டர். கிறிஸ்துமஸ்ல இருந்து கீழ்ப் பலகைதான். கேட்டா, மேல சூடு பத்தலையாம்!

— வாயை மூடு ஆஹ்தி! வண்டி ஓட்டத்தான் கூட்டியாந்தேன், சாட்சி சொல்ல இல்ல.

— கடைப்பையைத் தூக்கிட்டு நடப்பீங்களா?

— ஓ, நடப்பேனே.

— தூக்குறது நான் டாக்டர். இவன் பின்னாலயே வந்து, முட்டை உடையுதுன்னு கத்துவான்.

— குதிரை வாங்குறப்ப நாங்க பல்லைத்தான் பாப்போம் டாக்டரம்மா. நீங்க கடைப்பையைப் பாக்குறீங்க.

— உங்க ஆயுசு இன்னும் மூணு, நாலு வருஷம்னு வருது தைஸ்தோ. தோராயம்தான். மயக்க மருந்தே உங்களுக்கு ஆபத்து. ஊசி போட்டு வலியைக் குறைக்கலாமே?

— ஊசி போட்ட காலு பாரம் தாங்குமா? இவன் போற வரைக்கும் எனக்குத் தாங்கணும்.

— யாரு, ஆஹ்தியா?

— இவனேதான். கெமி ஆத்தோரம் ஒண்ணா மரம் வெட்டுனவங்க நாங்க. எவன் செத்தாலும் பெட்டியைக் கூட்டாளிதான் சுமப்பான், கூலி ஆள் தொடக்கூடாது. மிச்சம் நாங்க ரெண்டே பேரு. பேரப் பசங்களைப் பின்னால போட்டுக்கலாம். தலைமாடு என் இடம்.

— ஆஹ்தி, உங்களையும் கேட்டுப் பாக்கட்டுமா?

— கேளுங்க. சிகரெட் கிடையாது. வாசல் பனியை நானே தள்ளுறேன். மேல் பலகை.

— உங்களுக்கு எட்டு வருஷத்துக்குக் குறையாது போல.

— கணக்கு தப்பு! இவன் என்னைவிட மூத்தவன் டாக்டரம்மா!

— அவர்தான் உங்களைத் தூக்குவார்னு தோணுது தைஸ்தோ. இதுக்காக ஆபரேஷன் வேண்டாம்.

— டேய், இதுக்குத்தானா வந்ததுல இருந்து காட்டிக்கொடுத்த? நான் உன்னைத் தூக்கக்கூடாதா?

— கூடாதுடா. என் கால்மேல மரம் சாஞ்ச அன்னிக்கு, இடுப்பளவு பனியில என்னை முதுகுல போட்டு ரோட்டுக்குக் கொண்டாந்த. ஒரு தடவை உன்னை நான் சுமக்கணும், அந்தக் கடன் இன்னும் பாக்கி.